இஸ்திரிப் பெட்டியோடு ஒரு ரயில் பாதையை மூடப் போனேன்

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். மேலாக என் மகள் யாழினி போட்டுக் கழற்றிய சட்டை ஒன்று. அவள் வாசனைக்காகத் துவைக்காமல் எடுத்து வந்தது. அதற்கடியில் புளிக்காய்ச்சல் பாட்டிலும் பருப்புப்பொடியும். எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் இஸ்திரிப் பெட்டியும், சாம்பல் நிறத் துணிச் சில்லுகள் ஒட்டிய பெரிய சுருளும்.

"இதெல்லாம் எதற்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பயந்துவிட்டால் எனக்கு உண்மை மட்டும்தான் வாயில் வரும். "ஒரு ரயில் பாதையை மூடுவதற்கு" என்றேன்.

அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அந்த இன்னொருவர் ஒரு மூத்தவரைக் கூப்பிட்டார். நான் கைப்பையிலிருந்து டி-ஷர்ட்டை எடுத்து விரித்து, முதுகில் இருந்த படத்தைக் காட்டி, இந்தக் கோடு இங்கே இருக்கக் கூடாது, இதன்மேல் சில்லை வைத்து இஸ்திரி போட்டால் மறைந்துவிடும் என்று விளக்கினேன். மூன்று பேரும் கோட்டைப் பார்த்தார்கள். புளிக்காய்ச்சலை முகர்ந்தார்கள். கடைசியில் மூத்தவர் பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினார். "பாதை மூடுவதற்கு எங்கள் நாட்டில் ஓர் அமைச்சகமே இருக்கிறது. அவர்களிடம் சொல்லிவிட்டீர்களா?" என்று கேட்டார். அது கிண்டலா, விதிமுறையா என்று ரயில் நிலையம் போய்ச் சேரும் வரை எனக்குத் தெரியவில்லை.

நான் திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர் என்ன கேட்கிறார் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்வதும், எங்கள் ஆட்கள் என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று பையருக்கு நயமாகச் சொல்வதும் என் வேலை. ஜெர்மனியில் ஒரே ஒரு மலைப் பள்ளத்தாக்கில் மட்டும் ரயில் ஓட்டுகிற சின்னக் கம்பெனி ஒன்று, தன்னுடைய ஆண்டு விழாவுக்கு டி-ஷர்ட் கேட்டிருந்தது. முதுகில் அவர்களுடைய பாதையின் படம். அந்தப் பாதையில் நடுத்துண்டை எப்போதோ மூடிவிட்டார்களாம். அதனால் படத்திலும் கோடு பாதியில் நின்று, கொஞ்சம் இடம் விட்டு, மறுபடி தொடங்கும். சாம்பிளில் அப்படித்தான் இருந்தது.

பிரிண்ட் முடிந்து பீஸ்கள் செக்கிங்குக்கு வந்த அன்று யாழினிக்குக் காய்ச்சல். நான் லீவு. செக்கிங் மேசையில் ஒரு கோடு நடுவில் அறுந்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பிரிண்ட் விட்டுப்போயிருக்கிறது. சின்ன பிரஷ்ஷில் அதே கலரைத் தொட்டு நிரப்பிவிடுவார்கள். டச்-அப் என்று பெயர். செக்கிங் சூப்பர்வைசர் செல்வி அக்கா முதல் பீஸைப் பார்த்தார், அறுந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. எல்லாமே ஒரே இடத்தில் அறுந்திருக்கவும் பிரிண்டிங்காரர்களைத் திட்டித் தீர்த்துவிட்டு, தன் ஆட்களை உட்காரவைத்து, ஒன்று விடாமல் கோட்டைச் சேர்த்துவிட்டார்.

செல்வி அக்காவுக்குத் திருச்செந்தூர்ப் பக்கம். "ஒங்களுக்கு ஒரு போன் போடலாம்னுதான் இருந்தேன் மேடம்" என்றார் பிறகு. "புள்ளைக்குக் காய்ச்சல்னு லீவு போட்டிருக்கிய. இதுக்குப் போயி எதுக்குத் தொந்தரவு குடுக்கணும்னு நாங்களே முடிச்சிட்டோம்."

சரக்கு போய்ச் சேர்ந்து, பிரித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. விழாவுக்குச் சில நாட்களே இருந்தன. மொத்தத்தையும் திருப்பி அனுப்புவோம் என்றார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அம்மணி, நீங்க ஒரு எட்டுப் போயி அந்தக் கோட்டு மேல சில்லு ஒட்டிக் குடுத்துட்டு வந்துருங்க. சரக்கு மட்டும் திரும்பி வந்துச்சுன்னா, செல்விய நிறுத்தறதத் தவிர எனக்கு வேற வழி இல்லீங்க."

செல்வி அக்காவின் சம்பளத்தில்தான் அவருடைய மகள் நர்சிங் படிக்கிறாள். ஒரு கண்காட்சிக்காக எடுத்து வைத்திருந்த விசா இருந்தது. யாழினியை மாமியாரிடம் விட்டுவிட்டு, விமானத்தில் பாதி தூரம் அழுதுகொண்டே வந்தேன்.

அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிற ஊர்களின் பெயர்களை இங்கே எழுதினால் எழுதிய எனக்கும் கஷ்டம், படிக்கிற உங்களுக்கும் கஷ்டம். அடிவாரத்தில் இருப்பதைக் கீழூர், உச்சியில் இருப்பதை மேலூர், இடையில் இருப்பதை நடுவூர் என்று நான் மனதுக்குள் வைத்துக்கொண்டேன். ரயில் கம்பெனியின் அலுவலகம் கீழூரில்.

சந்திப்பில் மாறி ஏறிய மலை ரயிலில் இரண்டே பெட்டிகள். என்னையும் சேர்த்து ஆறேழு பேர். யாரும் பேசவில்லை, யாரும் எதுவும் விற்கவில்லை. ஒரு பெண்ணின் மடியில் இருந்த நாய்கூட ஜன்னல் வழியாக மரியாதையாக வேடிக்கை பார்த்தது. திருப்பூர் ஸ்டேஷனில் ரயில் நிற்பதற்குள் ஒரு பக்கம் இந்தியில், ஒரு பக்கம் தெற்கத்தித் தமிழில் சண்டை தொடங்கிவிடும். அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு எங்கே இறங்குவது என்றே புரியவில்லை. கீழூரை விட்டுவிட்டேன். கைப்பையில் வேறு படம் இல்லாததால் டி-ஷர்ட்டை மடியில் விரித்துப் பார்த்தேன். கோடு தொடர்ந்து மேலே போனது. சரி, அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வரலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

ரயில் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். நாயும் இறங்கியது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். நான் இறங்கவில்லை. அதான் படத்தில் இன்னும் பாதை இருக்கிறதே! கொஞ்ச நேரத்தில் ரயில் மெல்ல நகர்ந்து, ஒரு கொட்டகைக்குள் போய், விளக்கையெல்லாம் அணைத்துக்கொண்டது. எங்கள் கம்பெனி போட்ட கோட்டை நம்பி ஏமாந்த முதல் பயணி நான்தான்.

பெட்டி பெட்டியாகப் பூட்டிக்கொண்டு வந்த ஓட்டுநர் என்னைப் பார்த்துக் கத்திவிட்டார். நான் பதிலுக்குக் கத்தினேன். பிறகு டி-ஷர்ட்டைக் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"மேலே வரைக்கும் போகிறதா?" என்றார், ரகசியம் கேட்பதுபோல.

"தவறுதலாகப் போகிறது" என்றேன்.

அவர் கடைசி வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பிவிட்டு, என்னைத் தன் காரிலேயே கீழூரில் கொண்டுவந்து விட்டார்.

மறுநாள் ஹெல்கா அம்மையாரைச் சந்தித்தேன். ரயில் கம்பெனியின் மேலாளர். நரைத்த குட்டை முடி, சட்டைப் பையில் ஓர் இரும்பு ஸ்கேல். காலை உணவுக்குக் கல்போல ஒரு ரொட்டியும், ஊறுகாய் என்று சொல்லிக் காரமே இல்லாத வெள்ளரியும் தந்தார். நான் புளிக்காய்ச்சலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். அவரும் ஒரு துளி நக்கிப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

சுவரில் பெரிய படம் இருந்தது. அவர்களுடைய கதையை அதில் ஸ்கேலை வைத்துச் சொன்னார். மலையில் கல் வெட்டி இறக்குவதற்காகத் தொடங்கிய கம்பெனியாம். முதலில் கீழூரிலிருந்து நடுவூர் வரை பாதை. பிறகு மேலூர் வரை. கல் தீர்ந்தது, பனிச்சறுக்குக்கு ஆட்கள் வந்தார்கள். அதற்கும் சாலை போட்டுவிட்டார்கள். ஒரு வெள்ளத்தில் நடுவூர்ப் பாலம் பழுதானது. சரிசெய்வதா வேண்டாமா என்று பேசிக்கொண்டே இருந்ததில் தண்டவாளத்தின் நடுவே மரம் வளர்ந்துவிட்டது. பிறகு நடுவூர் இருக்கிற நடுத்துண்டை முறைப்படி மூடினார்கள்.

"மேலூர்?" என்றேன்.

"மேலூர்த் துண்டு இன்னும் ஓடுகிறது. அங்கே ஒரே ஒரு ரயில். அதற்கு ஒரு கொட்டகை, ஓர் ஓட்டுநர்."

"அது கீழே வராதா?"

"எப்படி வரும்? பழுதானால் லாரியில் ஏற்றிக் கொண்டுவருவோம்."

ரயிலை லாரியில். எங்கள் ஊரில் மொபெட்டில் துணி மூட்டை ஏற்றுகிறவர்களைப் பற்றி இனிமேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மேலூர்க்காரர்கள் கீழ்த்துண்டை மூடியிருக்கலாம் என்றும், கீழூர்க்காரர்கள் மேல்துண்டை மூடியிருக்கலாம் என்றும் இன்றுவரை சொல்வார்களாம். நடுவூரைப் பற்றி இரண்டு தரப்பும் பேசுவதில்லை. அங்கே கம்பெனியின் பஸ் ஒன்று போகிறது.

"சட்டைதானே, ஒரு கோடு கூடுதலாக இருந்தால் என்ன ஆகிவிடும்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"நாங்கள் ரயில் கம்பெனி" என்றார் ஹெல்கா. "நாங்கள் அச்சடித்தது ஓட வேண்டும். ஓடாததை அச்சடித்தால் அதை ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஒன்று கோடு மறைய வேண்டும், இல்லையென்றால் சரக்கு விழா நடக்கிற ஞாயிற்றுக்கிழமை மாலையே திரும்பிப் போகும்."

பயணிகள் அறையில் மேசை போட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன். முதல் சில்லு அருமையாக ஒட்டியது. இரண்டாவதற்கு 'டப்' என்று ஒரு சத்தம். அறை விளக்கு அணைந்தது, டிக்கெட் இயந்திரம் அணைந்தது, நடைமேடைக் கடிகாரமும் நின்றது. வெளியே ரயில் புறப்படத் தயாராக இருந்தது. கார்டு கடிகாரத்தைப் பார்த்தார். அதில் இன்னும் நேரம் ஆகவில்லை. அதனால் அவர் ரயிலை விடவில்லை. கையில் வாட்ச் கட்டியிருந்தார். ஆனால் அது அவருடைய சொந்த வாட்சாம். ஹெல்கா ஓடிவந்து என் பெட்டியைப் பிடுங்கிவிட்டு, தன் வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்து தரும் வரை, கீழூரில் யாரும் எங்கும் போகவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வீடியோ கால். யாழினி என்னைப் பார்த்துவிட்டு, போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே நான் இல்லை என்றதும் போய்விட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏனம்மணி அழுவறே? புள்ள ரசஞ்சோறு தின்னுபோட்டு நல்லாத்தான் இருக்கறா. நீ பொட்டி போடப் போனியா, அழுவப் போனியா?" என்றார் மாமியார். வந்தது சரியா, வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாமா என்று யோசித்துக்கொண்டே சில்லு ஒட்டினேன். அப்போதுதான் செல்வி அக்கா கூப்பிட்டார். "மேடம், மொதலாளி ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்காவ. நான் வேற கம்பெனி பாக்கட்டா?" என்றார். பொறுங்கள் என்றேன்.

மூன்றாம் நாள் புதுச் சிக்கல். விஷயம் தெரிவதற்கு முன்பே ஒரு பெட்டி டி-ஷர்ட்டை நடுவூர் பேக்கரிக்கு விற்பனைக்கு அனுப்பிவிட்டார்களாம். அதையும் மீட்டு, சில்லு ஒட்டினால்தான் கணக்கு முடியும் என்றார் ஹெல்கா. அந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். சாலை நேராக ஓர் அடிகூடப் போகவில்லை. அவிநாசிபாளையத்தில் பிறந்து தாராபுரம் ரோட்டிலேயே வளர்ந்தவள் நான். எனக்கு பஸ் என்றால் நேராகப் போகிற பொருள். நடுவூரில் இறங்கும்போது புளிக்காய்ச்சல் தொண்டைவரை வந்திருந்தது.

பேக்கரி நடத்துகிற ரோஸ்மேரி என்ற பெண்மணி அதே டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர்களும் போட்டிருந்தார்கள். கொட்டகை ஓட்டுநர் எடுத்த படம் எனக்கு முன்னால் அங்கே வந்துவிட்டிருந்தது.

அவர் என்னைப் பழைய ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். தண்டவாளம் இருந்த இடம் இப்போது சைக்கிள் பாதை. நடைமேடையில் புல் செதுக்கி, பெஞ்சுக்குப் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். டி-ஷர்ட் போட்ட ஒருவர் கொடியோடு நின்று, வருகிற சைக்கிள்களை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். சைக்கிள்காரர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். பெஞ்சில் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ரோஸ்மேரி எனக்கு மொழிபெயர்த்தார்.

"முதல் ரயில் கீழேயிருந்துதான் வரும்."

"போடா, மேலே ஒரு ரயில் சும்மா கிடக்கிறது. அதை விடுவார்களா?"

"அது லாரியில் வந்தே பழக்கப்பட்டது. தண்டவாளத்தில் நடக்கத் தெரியுமா அதற்கு?"

செல்வி அக்காவின் பிரஷ்ஷால் ஓர் ஊரே ஏமாந்து நிற்கிறதே! "மன்னிக்க வேண்டும், ரயில் வராது. அது எங்கள் கம்பெனித் தவறு" என்று எல்லோரிடமும் சொன்னேன்.

"அது எங்களுக்குத் தெரியாதா?" என்றார் ரோஸ்மேரி. "தண்டவாளத்தைப் பெயர்க்க வந்தவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்ததே நான்தான்."

"பிறகு ஏன் இதெல்லாம்?"

அவர் திரும்பி நின்று தன் முதுகைக் காட்டினார். கோட்டின் நடுவில் கலர் தடித்த ஒரு சின்னப் புள்ளி. பிரஷ்ஷை மறுபடி கலரில் தொட்டு வைத்த இடம். "இதுதான் நாங்கள்" என்றார். "அந்தக் கம்பெனியின் எந்தப் படத்திலும் இப்போது நாங்கள் கிடையாது."

உடனே கொடிக்காரர் சண்டைக்கு வந்தார். அவர் முதுகில் இரண்டு புள்ளி இருந்தது. பிரஷ்ஷை இரண்டு தடவை தொட்டிருக்கிறார்கள். இரண்டாவது, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன்னுடைய ஆறு வீடுகள் என்றார். ஒற்றைப் புள்ளிச் சட்டை போலி என்றார்.

எங்கள் தாராபுரம் ரோட்டில் ரயில் வரும் என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சொல்வார்கள். அப்பா அதைக் கேட்டுவிட்டு, வரப்போகிற ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு எந்தப் பக்கமாக நடப்பது என்று ஒரு நாள் முழுக்கப் பேசுவார். மனதுக்குள் அதெல்லாம் ஓடியதில், வந்த வேலையையே நான் சரியாகச் செய்யவில்லை. சட்டைகளைக் கொடுங்கள் என்று ஒருமுறை கேட்டேன். மாட்டோம் என்றார்கள். பழக் கேக் ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. அவர்களுக்காக இரக்கப்பட்டு செல்வி அக்காவின் வேலைக்கு உலை வைத்துவிட்டேனோ?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கீழூர் நிலையத்தில் பித்தளை வாத்தியங்களோடு விழா. கீழூர்க்காரர்கள் சில்லு ஒட்டிய சட்டையில் வரிசையாக நின்றார்கள். பின்னாலிருந்து பார்த்தால் ஊருக்கே முதுகில் அடிபட்டுக் கட்டுப்போட்டதுபோல இருந்தது. அப்போது கம்பெனி பஸ் வந்து நின்றது. நடுவூர்க்காரர்கள் கொடியோடு இறங்கினார்கள். முதுகில் முழுக் கோடு.

வாத்தியம் நின்றுவிட்டது. ஹெல்கா என்னைப் பார்த்தார். "நான் என்ன சொன்னேன்?" என்றார் மெதுவாக. "அச்சடித்தது ஓட வேண்டும். ஓடாததை ஏற்றுக்கொள்ள மாட்டேன். மாலையில் எல்லாவற்றையும் கட்டிவிடுங்கள்."

யோசித்துப் பேச நேரமில்லை. "ஓடுகிறதே!" என்று கத்திவிட்டேன். "இப்போது இவர்கள் எதில் வந்தார்கள்? நான் நேற்று எதில் போனேன்? பஸ் உங்களுடையது, டிக்கெட் உங்களுடையது. அந்தக் கோடு ரயில் இல்லைங்க, பஸ்!"

கடைசி வாக்கியம் தமிழில் வந்துவிட்டது. மறுபடி ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஹெல்கா ரோஸ்மேரியைத் திருப்பி நிறுத்தி, முதுகில் ஸ்கேலை வைத்தார். அச்சடித்த கோடு ஒரே தடிமன். கையால் போட்டது அதைவிட மெல்லியது, கொஞ்சம் கோணல்மாணல். அடுத்தவர் முதுகையும் அளந்தார், அதற்கடுத்தவரையும். ஒன்றுபோல் ஒன்று வளையவில்லை.

"ரயில் கோட்டிலிருந்து வேறுபட்டுத் தெரிகிறது" என்றார். "வளைகிறது. நிறுத்தமும் இருக்கிறது." பஸ் ஓட்டுநரைக் கூப்பிட்டு முதுகுகளைக் காட்டினார். அவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய், குண்டாக இருந்ததால் கோடு ரொம்பவும் வளைந்திருந்த ஒருவரிடம் நின்று, "பனிக்காலத்தில் நான் இப்படித்தான் போவேன்" என்றார்.

ஹெல்கா ஸ்கேலைப் பையில் வைத்தார். "பஸ் தடம். ஏற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வாத்தியக்காரர்களைப் பார்த்துக் கையசைத்தார். வாத்தியம் மறுபடி தொடங்கியது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சில்லு ஒட்டியவை ஒட்டியபடியே விற்றன. கீழூர்க்காரர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. நான் இன்னும் ஒட்டாமல் விட்டிருந்தவை மதியத்துக்குள் தீர்ந்தன. மேலூர்க்காரர்கள் லேட்டாக வந்து, தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டார்கள். ஹெல்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு மறு ஆர்டர் சொன்னார். அதே படம், அதே இடத்தில் கையால் போட்ட கோடு, நேராக இருக்கக் கூடாது, இரண்டு புள்ளி கட்டாயம். முன்பு போட்ட அதே ஆட்கள்தான் போட வேண்டும்.

நடைமேடை ஓரத்துக்குப் போய் செல்வி அக்காவுக்கு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அக்கா, சரக்கை எடுத்துக்கிட்டாங்க. வேலைக்கு ஒண்ணும் வராது. நீங்க போட்ட கோடு அவங்களுக்குப் பிடிச்சிருக்கு. மறுபடியும் ஆர்டர். அதே மாதிரி நீங்கதான் போடணுமாம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்லதுதான் மேடம். ஆனா அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. இந்தத் தடவையாவது ரயிலு பாதைய முழுசா வரைஞ்சு அனுப்பச் சொல்லுங்க. ஒவ்வொரு வாட்டியும் விட்டுப்போனதை நாங்களே போட்டுக்கிட்டு இருக்க முடியுமா?"